மூன்று நாள் போதுமா, முதலாளி?

2024 டிசம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வரம் கேட்டது. படம் வெளியாகி முதல் மூன்று நாளைக்கு யூடியூபிலோ முகநூலிலோ எக்ஸ் தளத்திலோ எவனும் விமர்சனம் என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஆண்டு ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ என்று வரிசையாக அடி. அடி விழுந்தது படத்தால் அல்லவாம், பார்த்தவன் வாயால்தானாம். நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தைக் காட்டி இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

எனக்கு இதில் வருத்தம்தான். தமிழ் ரசிகனின் வாயை மூடத்தான் வேண்டும். ஆனால் மூன்று நாள் எந்த மூலைக்குக் காணும்? மனு எழுதிய வக்கீலுக்கு நம் ரசிகனின் வரலாறு தெரியவில்லை. ஆகவே சில திருத்தங்களை இலவசமாகவே முன்மொழிகிறேன்.

முதல் திருத்தம்: ‘மூன்று நாள்’ என்பதை அடித்துவிட்டு ‘இருபது ஆண்டு’ என்று எழுத வேண்டும். ஆதாரம் வேண்டுமா? எந்த ரசிகனையும் பிடித்து நிறுத்தி, ‘உனக்குப் பிடித்த படங்கள் எவை?’ என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘அன்பே சிவம்’ என்பான். 2003 பொங்கலுக்கு வந்த படம். அந்தப் பொங்கலுக்கு அவன் பார்த்தது ‘தூள்’. அதில் தப்பில்லை, ‘தூள்’ நல்ல பொழுதுபோக்கு. ஆனால் ‘அன்பே சிவம்’ தியேட்டரில் ஈயோட்டியதை நினைத்து இன்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் லட்சோப லட்சம் பேரில் பத்தில் ஒருவன் அன்று டிக்கெட் எடுத்திருந்தாலே படம் பிழைத்திருக்கும்.

அடுத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்பான். 2010-இல் அது வந்தபோது, ‘இடைவேளைக்கு அப்புறம் ஒரு மண்ணும் புரியல மச்சி’ என்று சொன்னவனும் இவனே. செல்வராகவனைப் பார்க்கும்போதெல்லாம் ‘இரண்டாம் பாகம் எப்போது?’ என்று மிரட்டுபவனும் இவனே. மணிரத்னத்தின் ‘இருவர்’ 1997-இல் கைவிடப்பட்டது. பிரகாஷ்ராஜுக்கும் சந்தோஷ் சிவனுக்கும் தேசிய விருது வந்தது, கூட்டம் வரவில்லை. இன்று அதன் ஒவ்வொரு ஷாட்டையும் வெட்டி எடுத்து, ‘சினிமான்னா இதுதான்டா’ என்று போடுகிறான்.

உச்சம் ‘குணா’. 1991 தீபாவளிக்குத் ‘தளபதி’யோடு வந்து அதன் நிழலில் ஒதுங்கிப்போன படம். முப்பத்து மூன்று வருஷம் கழித்து ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் ‘குணா’வில் வந்த குகையையும் பாட்டையும் திரையில் காட்டியதும் தமிழ்நாடே எழுந்து நின்று கைதட்டியது. நம் வீட்டுப் பரணில் கிடந்த நகையைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எடுத்துக் கொடுத்தால்தான் நமக்குப் புல்லரிக்கும். இப்படிப்பட்டவன் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தியேட்டர் வாசலில் மைக்கைப் பிடித்துத் தீர்ப்பு சொல்வதைக் கட்டாயம் தடுக்க வேண்டும். 2044-இல் வந்து சொல்லட்டும்.

இரண்டாவது திருத்தம்: தடை என்றால் இரண்டு பக்கத்துக்கும் தடை. திட்டக் கூடாது என்றால் புகழவும் கூடாது. முதல் காட்சி முடியுமுன்னே ‘ஃபயரு’, ‘கூஸ்பம்ப்ஸ்’, ‘பிளாக்பஸ்டர்’ என்று பறக்கும் பதிவுகளுக்கும் மூன்று நாள் பூட்டு. படத்துக்கு முந்தைய பேட்டிகளுக்கும் சேர்த்துப் பூட்டு. ‘கங்குவா’ வருமுன் அதன் தயாரிப்பாளர் 2000 கோடி வசூலைப் பற்றிப் பேசினார். அதை எந்தச் சங்கமும் கட்டுப்படுத்தக் கேட்கவில்லை. படம் வருமுன் வாய்க்கு வந்த கோடியைச் சொன்னால் அது தன்னம்பிக்கை. காசு கொடுத்துப் பார்த்துவிட்டுக் காது வலிக்கிறது என்றால் அது வன்மம்.

அந்தக் காது வலியின் கதையையும் பார்ப்போம். ‘கங்குவா’வில் ஒரே இரைச்சல் என்று ரசிகன் சொன்னான். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் அந்த இரைச்சலைப் பற்றி வருத்தப்பட்டார். பிறகு தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். ‘இந்தியன் 2’ நீளம் என்றான் ரசிகன்; ஓரிரு நாளில் பன்னிரண்டு நிமிடத்தை வெட்டினார்கள். விமர்சனம் பொய் என்றால் ஏன் வெட்டினீர்கள்? விமர்சகன் வன்மத்தில் பேசினான் என்றால், கத்தரியை எடுத்தவர் எந்த வன்மத்தில் எடுத்தார்?

மூன்றாவது திருத்தம்: பேச்சுக்கு மூன்று நாள் தடை என்றால் காசுக்கும் மூன்று நாள் தடை. திங்கட்கிழமை வந்து வசூலித்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டுக்கு அரசு நிர்ணயித்த உச்ச விலை என்று ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. பெரிய நடிகர் படத்தின் முதல் நாள் அந்த விலையில் டிக்கெட் வாங்கியவர் யாராவது இருந்தால் அவருக்குச் சிலை வைக்கலாம். கவுன்டர் சாத்தியிருக்கும். மன்றத்துக்காரர் கையில் கட்டுக் கட்டாக டிக்கெட் இருக்கும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று கைமாறும். முதல் மூன்று நாளில் போட்ட பணத்தை வழித்துவிட வேண்டும் என்பதுதான் இன்றைய வியாபாரக் கணக்கு. அந்த மூன்று நாளைக்குத்தான் வாய்ப்பூட்டும் கேட்கிறார்கள். மீன் வாங்க வந்தவனே, செவுளைத் தூக்கிப் பார்க்காதே, காசைக் கொடுத்து வாங்கிப் போ, நாறுகிறதா என்பதை மூன்று நாள் கழித்துச் சொல் என்பதுதான் மனுவின் சாரம்.

நான்காவது திருத்தம் ரசிகனின் கல்வித் தகுதி பற்றியது. கருத்துச் சொல்லுமுன் அவன் ஒரு சின்னத் தேர்வு எழுத வேண்டும். கோடிக் கணக்கு கேட்கக் கூடாது. அதில் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்கள். மலேசியாவில் எத்தனை ஸ்கிரீன், கேரளாவில் முதல் நாள் ஷேர் எவ்வளவு, எதிரி நடிகரின் படத்தை எத்தனை லட்சத்தில் முந்தினோம் என்பதெல்லாம் மனப்பாடம். தணிக்கையாளர் கையெழுத்துப் போட்ட வசூல் கணக்கு எதையும் அவன் பார்த்ததில்லை, ஆனாலும் அந்தக் கணக்குக்காக நண்பனின் சட்டையைப் பிடிப்பான். அந்தக் கோடியில் அவனுக்கு ஒரு ரூபாய் உண்டா என்றால் இல்லை. வண்டிக்கு இரண்டு மாதத் தவணை பாக்கி. படத்தின் ஒளிப்பதிவாளர் யார், வசனம் யார் என்று கேட்டால் ‘அது எதுக்கு ப்ரோ?’ என்பான்.

சாமி சொன்னாலும் கேட்காத பக்தன் இவன். அஜித் 2011-இல் தன் மன்றங்களையே கலைத்தார். கேட்டானா? 2021-இல் சேப்பாக்கத்தில் எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் ‘வலிமை’ அப்டேட் கேட்டான். கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள் என்று அஜித் அறிக்கை விட வேண்டியதாயிற்று. பிறகு ஊரெல்லாம் ‘கடவுளே... அஜித்தே’ என்று கோஷம் போட்டான். 2024 டிசம்பரில் அதையும் நிறுத்தச் சொல்லி இன்னொரு அறிக்கை வந்தது. மற்ற முகாம்களும் குறைந்தவை அல்ல. ஒரு நடிகர் மேடையில் காக்கா, கழுகு கதை சொன்னால், காக்கா யார், கழுகு யார் என்று மாதக்கணக்கில் மண்டை உடையும். பால் முகவர்கள் சங்கம், கட்டவுட்டுக்கு ஊற்றக் கடை வாசலில் பால் பாக்கெட்டைத் திருடுகிறார்கள், தடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது.

இவ்வளவு சத்தத்துக்கும் கீழே நசுங்கிச் சாவது பெரிய படம் அல்ல, முதலாளிகளே. அது எப்படியும் ஓடிடி, டிவி, ஆடியோ என்று விற்றுப் பிழைத்துக்கொள்ளும். பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு மட்டும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து நேராக ஓடிடியில் இறங்கியது. அதற்கு நாலு தியேட்டர் வாங்கித் தர எந்தச் சங்கம் நீதிமன்றப் படி ஏறியது? அவருடைய ‘கொட்டுக்காளி’ பெர்லினுக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்தது. பின்னணி இசையே இல்லாத படம். இடைவிடாத ‘பிஜிஎம்’முக்குப் பழகிய நம் ஆள், ஸ்பீக்கர் ரிப்பேரோ என்று திரும்பிப் பார்த்தான். ‘மெய்யழகன்’ வந்தது. இரண்டு பேர் இரவு முழுக்கப் பேசுகிறார்கள், ‘லேக்’ என்றான். பதினெட்டு நிமிடம் வெட்டப்பட்டது. பிறகு வீட்டில் சோபாவில் சாய்ந்து பார்த்துவிட்டு, ‘ஏன் வெட்டினீங்க, பாவிகளா?’ என்று அழுதான். 2044 வரைகூடப் பொறுக்கவில்லை, ஒரே மாதத்தில் திருந்திவிட்டான். அதற்குள் படம் தியேட்டரை விட்டே போயிருந்தது.

கடைசித் திருத்தத்தைக் கேலியாக எழுத எனக்கு வரவில்லை.

2023 ஜனவரி 11. ‘துணிவு’, ‘வாரிசு’ இரண்டும் ஒரே நாள். நள்ளிரவு ஒரு மணிக் காட்சி. கோயம்பேடு பக்கம் ஒரு தியேட்டர் அருகே மெதுவாகப் போய்க்கொண்டிருந்த லாரி மேல் ஏறி ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் கீழே விழுந்து செத்துப்போனான். உள்ளே படம் ஓடியது. விசில் பறந்தது.

அதற்குப் பிறகு அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு அனுமதி மறுக்க ஆரம்பித்தது. நம் ரசிகன் பாடம் படித்தானா? ‘ஜெயிலர்’ பார்க்க பெங்களூருக்கு வண்டியேறினான். அங்கே ஆறு மணிக்கே காட்சி. தயாரிப்பாளர்கள் பாடம் படித்தார்களா? ‘லியோ’ படத்துக்கு விடியற்காலை நாலு மணிக் காட்சி வேண்டுமென்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ‘கூலி’க்கு வன்முறை காரணமாக ‘ஏ’ சான்றிதழ் கிடைத்தது. பிள்ளைகளும் பார்க்கும்படி மாற்றிக் கொடுங்கள் என்று அதற்கும் நீதிமன்றம். விமர்சனத்தைத் தடுக்க அதே நீதிமன்றம். அந்த மனு பேசப்பட்ட அதே டிசம்பர் முதல் வாரத்தில்தான், ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சிக்கு நடிகர் வர, நெரிசலில் ஒரு தாய் செத்தார். அவர் மகன் உயிருக்குப் போராடினான்.

நாலு மணிக் காட்சிக்கு வழக்கு, சின்னப் பிள்ளைகளின் டிக்கெட்டுக்கு வழக்கு, அடுத்தவன் வாயை அடைக்க வழக்கு. முதல் நாள் கூட்டத்தை ஒழுங்குபடுத்த, லாரி மேல் ஏறுபவனை இறக்கிவிட, செத்தவன் குடும்பத்துக்குச் சோறு போட ஒரு நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்று கேட்டு எந்தத் தயாரிப்பாளர் எந்தப் படியேறினார்? ஒரு படம் மூன்று நாள் நிம்மதியாக ஓட ஊரே வாய் மூட வேண்டுமாம். ஒரு பையன் செத்ததற்காக ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி நின்றதா? அவனுடைய ஆயிரம் ரூபாய் வேண்டும், அவன் ஆட்டம் வேண்டும், அவன் ஊற்றும் பால் வேண்டும், அவன் அடிக்கும் விசிலின் வீடியோ அடுத்த போஸ்டருக்கு வேண்டும். அவன் வாயைத் திறந்து, ‘படம் சரியில்லை அண்ணே’ என்றால் மட்டும் அவன் சமூக விரோதி. இதற்குப் பெயர் தொழில் பாதுகாப்பாம். வெட்கமாக இல்லையா?

ரசிகத் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த நடிகருக்கு உன் பெயர் தெரியாது. நீ சண்டை போட்டுக் காப்பாற்றும் கோடியில் உனக்குப் பங்கு கிடையாது. உன் கையில் இருப்பது இரண்டே இரண்டுதான்: டிக்கெட் காசு, பார்த்ததைச் சொல்லும் வாய். இரண்டையும் நீயே வைத்துக்கொள். நல்ல படம் என்று நாலு பேர் சொன்னால், அது பகல் காட்சியாக ஒரே ஒரு ஸ்கிரீனில் ஓடினாலும் இந்த வாரமே போய்ப் பார். மோசமான படம் என்றால், உன் தலைவன் படமே ஆனாலும், வெளியே வந்ததும் மோசம் என்று சொல். லாரி மேல் ஏறாதே.