ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு: காசிமேட்டுப் பெயர்ப்பலகை ஒன்றின் மீது ஓர் ஆய்வு

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948. அதில் 15ஆம் விதி. கடையின் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு அரசு வகுத்த பங்கு 5:3:2. இது எழுத்தின் உயரமா, நீளமா, பரப்பா? உரையாசிரியர் எவரும் இன்னும் பிறக்காத நிலையில், இவ்வாய்வாளர் இஞ்ச் டேப்புடன் காசிமேடு புறப்பட்டார்.

எடுத்துக்கொண்ட பாடம்: 'மரைன் டீசல் ஒர்க்ஸ்'. விசைப்படகு எஞ்சின் பட்டறை. விகிதம் துல்லியம். ஆனால் தொல்காப்பியரை அழைத்து வந்தால் முதல் பார்வையிலேயே முகம் சுளிப்பார். டகரம் சொல்லுக்கு முதலில் வராது. ஸகரத்தை அவர் கண்டதே இல்லை. சட்டத்துக்கோ இது பழுதற்ற தமிழ். அது எடை போடுவது எழுத்தை, சொல்லை அல்ல. (ரகரமும் முதலில் வரலாகாது என்பதால் பக்கத்து ராயபுரமே ஓர் இகரத்தின் ஜாமீனில்தான் வெளியே நடமாடுகிறது.)

முதலாளி ஒருமுறை 'கடல் எண்ணெய்ப்பொறிப் பணிமனை' என்று எழுதிப் பார்த்தாராம். இரண்டு பேர் நல்லெண்ணெய் கேட்டு வந்தார்கள்.

மூன்றாம் மொழியே இல்லாத கடையில் அந்த இரண்டு பங்கு யாருக்கு? களத்தில் கண்டது: ஒரு பங்கு பிள்ளையாருக்கு, மறு பங்கு செல்போன் எண்ணுக்கு. எண் எம்மொழி என்ற வினா திறந்தே கிடக்கிறது. பல காலம் 50 ரூபாயாக இருந்த அபராதம் 2,000 ஆனபின் இவ்வினா சற்றுக் கனத்திருக்கிறது.

எழுத்தை ஆணையால் திருத்தும் முயற்சிக்கு வடசென்னையில் முன்னுதாரணம் உண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளிவந்தது. தண்டையார்பேட்டை ஆங்கிலத்தில் ரயில் பெட்டிகள்போல் நீண்டது. மூன்று பங்கு இடத்தில் அதை எப்படி அடைப்பது என்று பெயிண்டர்கள் தலையைச் சொறிவதற்குள், சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. சற்று வடக்கே, கவர்னர் காலெட் பெயரால் 18ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களுக்கு எழுந்த பேட்டையைத் திருவொற்றியூர் வாய்கள் தாமாகவே காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டன. விகிதமும் இல்லை, ஆய்வாளரும் வரவில்லை.

நம் பலகைக்குத் திரும்புவோம். அதில் ஐந்து புள்ளிகள். சட்டம் கேட்டதும் ஐந்து. இந்த ஒற்றுமையை வைத்து ஒரு கோட்பாடே எழுப்பியிருந்தேன், உப்புக்காற்று மட்டும் குறுக்கே வராதிருந்தால். அடுத்த முறை போனபோது புள்ளிகள் எல்லாம் உதிர்ந்து 'மரைன டீசல ஒரகஸ' என்று நின்றது. டேப்பைப் பிடித்தேன். உயரம் அப்படியே. விகிதம் சரி.

"அளவு கரெக்டா கீதா சார்?" என்றார் பெயிண்டர், ஏணியிலிருந்து.