இப்ப வரும் சார்!

காரில் ஏறி நாம் பெல்ட் மாட்டுவதற்குள், கார் ஓட்டும் தம்பி ஆள்காட்டி விரலைத் தூக்கிவிடுவார். "இப்ப வரும் சார், பாருங்க!"

வரப்போவது 'டும்'. ஆக்‌ஷன் படப் பாட்டில் தாளம் மெல்ல நெருங்கி, படபடவென்று இரட்டித்து, சட்டென்று எல்லாம் நின்று ஒரு நொடி நிசப்தம். அடுத்து இடி மாதிரி இறங்குமே, அந்த எலக்ட்ரானிக் 'டும்'. அதற்கு 'டிராப்' என்று பெயராம். பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அவரோடு வேலைக்குப் போவதில் நான் பெற்ற கல்வி இது.

அது இறங்கும் நேரத்தில் வாயைத் திறந்தால் தொலைந்தோம். கோபமெல்லாம் வராது. பாட்டைப் பின்னால் இழுத்து மறுபடி விடுவார், அவ்வளவுதான். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கம் தும்மிய குற்றத்துக்காக ஒரே இடத்தை மூன்று முறை கேட்டிருக்கிறேன். டிக்கியில் சப்வூஃபர் வேறு. 40, 50 ஹெர்ட்ஸ் சத்தத்தை நெஞ்சால் கேட்க வேண்டும் என்பார். என் நெஞ்சு கேட்டதோ இல்லையோ, மடியிலிருந்த டிபன் பாக்ஸ் மூடி கேட்டுவிட்டது. சாம்பார் பேன்ட்டில்.

விக்கிரவாண்டி வந்தால் 'விக்ரம்' போடுவது அவருக்கு நேர்த்திக்கடன். 2022-இல் லோகேஷ் கனகராஜ் எடுத்த படம், அனிருத் இசை. டோல்கேட்டில் தடுப்புக் கட்டை உயர்வதும் 'டும்' இறங்குவதும் ஒன்றாக அமைய வேண்டும். ஒருநாள் ஃபாஸ்டேக் முந்திக்கொண்டது. கட்டை உயர்ந்துவிட்டது, பாட்டில் இன்னும் ஐந்து நொடி பாக்கி. மனிதர் நகரவில்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரனில் தொடங்கி, எங்கள் வீட்டுப் பெண்கள் வரை வந்துவிட்டார். "இருங்கண்ணா, இப்ப வந்துரும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறார் இவர்!

அடக்கலாமென்று என் காலத்தை எடுத்துவிட்டேன். "தம்பி, 1986-லயே ஒரு 'விக்ரம்' வந்தது. சுஜாதா கதை. அக்னிபுத்திரன்னு ஒரு ஏவுகணையைக் கடத்திட்டுப் போயிடுவாங்க. அந்த டைட்டில் பாட்டுல இளையராஜா எலக்ட்ரானிக் சத்தத்தை வெளுத்து வாங்கியிருப்பார். அதே வருஷம் 'புன்னகை மன்னன்' தீம் மியூசிக் கம்ப்யூட்டர் வெச்சுப் பண்ணினது." அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன். மறுநாள் காலை ஏறியதும் விரல். "சார், ராஜா சாரும் வெச்சிருக்காரு. இப்ப வரும் பாருங்க!"

மழை நாளில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார், டீக்குக் காசு கொடுக்க விடமாட்டார். நல்ல பிள்ளைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஒரு நொடி நிசப்தத்துக்காக இசையமைப்பாளர் ராத்திரியெல்லாம் கண்விழித்திருப்பார். என்ன வருமோ என்று கேட்பவன் திகைக்க வேண்டும், அதற்குத்தான் அது. நம் ஆள் சரியாக அந்த நொடியில்தான் வாயைத் திறக்கிறார். இத்தனை நாளில் எந்தப் பாட்டிலும் அந்த நிசப்தத்தை நான் முழுசாகக் கேட்டதில்லை.

போன மாதம் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்திருந்தோம். இரவெல்லாம் தூக்கமில்லை. யாரிடமாவது சொன்னால் தேவலாம் போல் இருந்தது. "தம்பி, அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தேன். விரல் எழுந்தது. "ஒரு நிமிஷம் சார்."

வந்தது. டிபன் பாக்ஸ் அதிர்ந்தது. "எப்டி சார்?" என்று என்னைப் பார்த்தார். நன்றாயிருக்கிறது என்றேன்.

ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.