ஈயடிச்சான் காப்பியில் அடிபட்ட ஈ எந்தக் குடும்பம்? ஒரு முன்னாய்வு

ஈயடிச்சான் காப்பிக் கதையைக் கேட்டிராத தமிழர் அரிது. பழைய கணக்கேடு ஒன்றைப் பிசகாமல் நகலெடுக்கச் சொன்னார்களாம். மூலத்தில் ஒரு பக்கத்தில் ஈ ஒன்று நசுங்கி ஒட்டியிருந்ததாம். குமாஸ்தா காத்திருந்து ஓர் ஈயை அடித்து, நகலிலும் அதே பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டிவைத்தாராம் (செவிவழிச் செய்தி). கேட்டவர்களெல்லாம் குமாஸ்தாவை நினைத்துச் சிரித்தார்கள். ஈயை நினைத்தவர் ஒருவரும் இல்லை. பெண் கொடுப்பதற்கு ஏழு தலைமுறை விசாரிக்கிற ஊரில், கணக்கேட்டில் உயிரை விட்ட ஜீவன் என்ன குடும்பம் என்று கேட்காமல் விட்டது ஆய்வுலகின் பெரும் இடைவெளி. அதை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இடைவெளி இல்லாதிருந்தாலும் நிரப்பியிருப்போம், விதிமுறை அப்படி.

முதற்கண் ஆய்வு எல்லை. இரண்டே இறக்கை உடையது ஈ. இறக்கையுள்ள மற்றப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு. ஈயின் பின்னிறக்கைகள் தேய்ந்து, தலை பருத்த இரு சிறு காம்புகளாக நிற்கின்றன. பறக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர்த்துபவை அவைதாம். இவ்விதிப்படி தேனீ ஈ அன்று, ஈசலும் ஈ அன்று. பெயரில் ஈயே இல்லாத கொசு, ஈ வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. தேனீயை நம்பி ஆய்வேட்டை முடித்துவிட்டவர்கள் மறுபதிவு செய்துகொள்வது நலம். இவ்வரிசையில் பெயரிட்டுப் பதிந்த இனங்கள் 1,50,000க்கு மேல். குடும்பங்கள் 150க்கு மேல். அத்தனையையும் ஆராயப் பக்கமும் இல்லை, பொறுமையும் இல்லை. குமாஸ்தாவின் மேசைக்கு வந்திருக்கக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முன்னோர் கருத்து. தொல்காப்பியர் மரபியலில் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களில் வைத்துவிட்டு, அந்தக் கிளையில் வேறு சிலவும் உண்டு என்று முடித்துக்கொண்டார். நம் ஈ அந்த ‘வேறு சில’வில் இருக்கிறது. தும்பிக்கு நான்கறிவா என்று வாதிட ஆள் உண்டு. ‘முதலியன’வுக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப்போக ஆள் இல்லை.

இனி ஐயத்துக்குரிய குடும்பங்கள். கொசு: அடித்தால் ரத்தம் தெறித்திருக்கும், ஏட்டில் செங்கறை இருந்ததாக எவரும் சொல்லவில்லை, ஆகவே விடுதலை. சைக்கோடிடே: குளியலறைச் சுவரில் இறக்கை முழுக்க மயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாக்கடை ஈ, குமாஸ்தா அங்கே உட்கார்ந்து கணக்கெழுதியதற்குச் சான்றில்லை. டபானிடே என்னும் மாட்டு ஈ: தடித்த உடம்பு, பெரிய கண்கள், பலவற்றில் கண்ணிலேயே வண்ணப் பட்டை. பெண் ஈ மட்டுமே கடிக்கும். அலுவலகத்தில் மாடு கட்டியிருந்தால் மட்டும் பரிசீலிக்கலாம். அசிலிடே: பறந்துகொண்டே பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் கொள்ளைக்கார ஈ. இரு கண்களுக்கும் நடுவே உச்சி பள்ளமாக இருக்கும், முகத்தில் கொத்தாக மீசை இருக்கும். மீசைக்காரர் மேல் கைவைக்கக் குமாஸ்தாவுக்குத் துணிவு வந்திராது.

சிர்ஃபிடே குடும்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதுவும் அந்தரத்தில் அசையாமல் நிற்கிற ஈதான். மஞ்சளும் கறுப்புமாகக் குளவி வேஷம் போட்டிருக்கும், கொட்டத் தெரியாது. இறக்கையில் எந்த நரம்போடும் ஒழுங்காகச் சேராத ஒரு போலி நரம்பு ஓடும். அதை வைத்துத்தான் அறிஞர்கள் இதை அடையாளம் காண்கிறார்கள். கருத்தரங்க மேடைகளில் இவ்வகையினரை அடையாளம் காண இவ்வளவு கூடத் தேவைப்படுவதில்லை.

பழ ஈ என்பதில் இரு குடும்பங்கள் உண்டு. மாங்காயிலும் பாகற்காயிலும் துளைபோட்டு முட்டையிடுகிற, இறக்கையில் கோலமிட்டது டெஃப்ரிடிடே. கனிந்த வாழைத்தாரைச் சுற்றும் செங்கண் பொடியன் டிரோசோஃபிலிடே. இரண்டாவதை மார்கன் நியூயார்க்கில் பால்புட்டிகளில் வளர்த்து ஆராய்ந்து 1933இல் நோபல் பரிசு வாங்கினார். அதே ஈயை நம் ஊரில் ‘கொசு’ என்று சொல்லித் துண்டால் விரட்டுகிறார்கள் (பழக்கடை அண்ணாச்சி, வாய்மொழித் தகவல், வியாபார நேரத்தில் பெறப்பட்டதால் சுருக்கமானது).

ஏரிக்கரை ஊர்களில் விளக்கைச் சுற்றி மண்டுகிற, கொசுவைப் போலிருந்தும் கடிக்காத பூச்சியையும் விட்டுவிட முடியாது. உட்காரும்போது கொசு பின்கால்களைத் தூக்கும். இது முன்கால்களைத் தூக்கும். இதன் குடும்பப் பெயரைச் சொல்வதற்குத்தான் நாள் தேவைப்பட்டது. மைகன் என்ற ஜெர்மானியர் 1800இல் பிரெஞ்சில் ஒரு சிறு வெளியீடு எழுதி ஈப் பேரினங்களுக்குப் பெயர் சூட்டினார். 1803இல் பலவற்றுக்கு அவரே வேறு பெயர் சூட்டினார். உலகம் பின்னதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. 1908இல் ஹெண்டல் என்பவர் முதல் வெளியீட்டைத் தூசி தட்டி எடுத்தார். முந்திய பெயரே செல்லும் என்பது விதி. வந்தது வினை. ஒரு கட்சிக்குக் கைரோனோமிடே, மறு கட்சிக்கு டெண்டிபெடிடே. 1963இல் சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையம் அந்த 1800 வெளியீட்டையே செல்லாது என்று ஒதுக்கும்வரை, 55 ஆண்டுகள் இந்தக் குழப்பம் நீடித்தது. பூச்சி இரு கட்சியார் விளக்கிலும் பாரபட்சமின்றி விழுந்துகொண்டிருந்தது.

இப்போது மையப் பொருளுக்கு வருவோம். மிஞ்சியவர்கள் மூவர்: 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட வீட்டு ஈயின் குடும்பமான மஸ்கிடே, பச்சையும் நீலமுமாக மின்னுகிற கலிஃபோரிடே, சாம்பல் நிறத்தில் வயிறு சதுரங்கக் கட்டமாகத் தெரியும் சார்கோஃபாகிடே. நசுங்கிய ஈயில் தப்பிப் பிழைப்பது இறக்கை. எனவே இறக்கையை விரித்து, பழைய கணக்குப்படி நான்காம் நரம்பைப் பார்க்கிறோம். வீட்டு ஈயில் அது நுனிக்கு முன் சட்டென்று மேல்நோக்கி வளைகிறது. ஆகா என்று எழுதிக்கொண்டு மற்ற இருவரையும் பார்த்தால், அவர்களுக்கும் வளைகிறது. இந்த ஒரு கண்டுபிடிப்புக்கு ஓர் இயல் முழுவதும் செலவிடலாம்; செலவிட்டவர்களும் உண்டு.

அடுத்தது முதுகுக் கோடு. நான்கு கருங்கோடு என்றால் வீட்டு ஈ, மூன்று என்றால் சார்கோஃபாகிடே. ஆனால் மூல ஏடு கணக்கேடு; அதில் மை உண்டு, கோடு போட்ட தாள் உண்டு. நான்காவது கோடு ஈயினுடையதா, பற்று வரவுக் கோடா? (காண்க: மேற்படி அண்ணாச்சியின் கடன் நோட்டு, பின்னட்டை உட்புறம், எண்ணெய்க் கறைக்குக் கீழே மூன்றாம் வரி. கறை பிற்கால இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். கறையே மூலம், கணக்குத்தான் இடைச்செருகல் என்பது கடன் வாங்கியோர் கட்சி. அண்ணாச்சியின் மறுப்புரை, பாக்கி தீர்ந்தபின் வெளிவரும்.) நல்லவேளையாக இங்கே உயிரியல் கைகொடுக்கிறது. சார்கோஃபாகிடே முட்டையிடுவதில்லை, புழுவாகவே ஈனும். கருவுற்ற தாயை அடித்தால் ஏட்டின் மேல் புழு நெளியும். கதையின் எந்தப் பாடத்திலும் புழு இல்லை.

ஆக மஸ்கிடேயா, கலிஃபோரிடேயா? விலாப்புறத்தில், பின்காலுக்குச் சற்று மேலே வரிசையாகச் சில முட்கள் இருந்தால் கலிஃபோரிடே, இல்லையேல் மஸ்கிடே. அதைப் பார்க்க ஈ பக்கவாட்டில் செத்திருக்க வேண்டும். மல்லாந்து செத்த ஈ ஆய்வுக்கு ஒத்துழைக்காது. எனவே ஏடு எங்கே எழுதப்பட்டது என்ற புறச்சான்றுதான் வழி. தாலுகா கச்சேரி என்றால் வீட்டு ஈ. கருவாட்டு மண்டி என்றால் சந்தேகமே இல்லை. பெரிய செங்கண்ணும் பச்சை உடம்புமாக அங்கே மொய்ப்பது கலிஃபோரிடே.

வீட்டு ஈயே என்று கொண்டால், பாடபேதச் சிக்கல் ஒன்று எழுகிறது. வீட்டு ஈக்குக் கடிக்க வாயில்லை. எச்சிலை உமிழ்ந்து கரைத்துத்தான் உறிஞ்சும். உட்கார்ந்த இடமெல்லாம் எச்சிற்புள்ளியும் எச்சப்புள்ளியும் வைக்கும். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பது பதிப்பாசிரியர்களின் நெடுநாள் குறை. அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்த ஒரே உயிர் ஈ. அது வைத்த புள்ளிகளைத் துடைத்துவிட்டுத் தம் புள்ளிகளை வைத்தவர்களே செம்பதிப்பாளர் எனப்படுவர். (விரிவுக்குக் காண்க: இக்கட்டுரையாசிரியரின் அச்சேறாத கட்டுரை, முன்னுரைக்கு முந்திய பக்கம். அக்கட்டுரை தன் கூற்றுக்கு இக்கட்டுரையையே சான்று காட்டுவதால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.)

இனி, குமாஸ்தா ஒட்டிய இரண்டாம் ஈ. மூலம் கருவாட்டு மண்டியிலும் நகல் கச்சேரியிலும் எழுதப்பட்டிருந்தால் குடும்பமே மாறிவிடுகிறது. அது ஈயடிச்சான் காப்பி அன்று, தழுவல். குடும்பம் பொருந்தினாலும் பால் பொருந்த வேண்டும். வீட்டு ஈயில் ஆணுக்குக் கண்கள் இரண்டும் நெருங்கியிருக்கும், பெண்ணுக்கு நடுவில் இடைவெளி இருக்கும். தலை நசுங்கியபின் அதை எப்படிப் பார்ப்பது என்று நெறியாளரிடம் கேட்டோம். பார்த்ததாக எழுதிவிடும்படி சொன்னார்.

ஒன்று மட்டும் உறுதி. குமாஸ்தா தம் கையால் தம் ஈயை அடித்தார், அது களப்பணி. இன்றைக்கு ஆய்வேடுகளில் மூலத்து ஈயும் சேர்ந்தே ஜெராக்ஸ் ஆகிவிடுகிறது. எழுத்துப்பிழை, பக்க எண், நன்றியுரையில் இருக்கும் இன்னொருவர் மனைவியின் பெயர் எல்லாம் அப்படியே வந்துவிடுகின்றன. புது ஈக்கு வேலையே இல்லை.

மூல ஏடு கிடைக்கும்வரை ஒப்பீட்டு மாதிரிகள் தேவைப்படுகின்றன. உதவ விரும்புவோர் ஈயைத் தட்டையாக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்து, வலப்புறமா இடப்புறமா என்று உறையின் மேல் தெளிவாக எழுதி அனுப்பவும். சார்கோஃபாகிடேயாக இருக்குமோ என்று ஐயம் வந்தால் அனுப்ப வேண்டாம்.