பறக்கும் தட்டைப் படம் பிடிக்க விரும்பும் பெரிய காஞ்சிபுரத்தாருக்கு

முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். வீடு பிள்ளையார்பாளையத்தில் என்றால் இன்னும் விசேஷம். சுற்றிலும் தறிச் சத்தம், விண்கலத்தின் இரைச்சல் காதில் விழவில்லை என்று தைரியமாக வாக்குமூலம் கொடுக்கலாம்.

படத்தில் ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் விழவே கூடாது. அதன் உயரம் ஏறக்குறைய 59 மீட்டர். ஓரத்தில் அது தெரிந்தால் போதும், விசாரிக்க வருகிறவர் திசை, கோணம் எல்லாம் கணக்குப் போட்டுவிடுவார். நேரத்தைப் போனே காட்டிக்கொடுக்கும். கடைசியில் உங்கள் வேற்றுக்கிரகவாசி, அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்துக்குத் திரும்பும் பி-8ஐ விமானம் என்று ஆகிவிடுவார்.

கிரகங்களிடமும் ஜாக்கிரதை. 2012-ல் லடாக் எல்லையில் நம் ராணுவத்தார் வானத்தில் ஒளிப்பொருள்களைப் பார்த்து, சீன உளவு ட்ரோனோ என்று சந்தேகித்து, சில மாதங்களில் 329 முறை குறித்து வைத்தார்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரைக் கேட்டபோது வந்த பதில்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. குருவும் சுக்கிரனும் எங்கே இருக்கிறார்கள் என்பதை நம் சன்னிதித் தெரு ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டியே சொல்லியிருப்பார். தட்சிணையும் வெற்றிலை பாக்கோடு முடிந்திருக்கும்.

அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 1965-ல் கலிபோர்னியாவில் ரெக்ஸ் ஹெஃப்ளின் என்ற நெடுஞ்சாலைத் துறை ஊழியர், தொப்பி மாதிரி பறந்த ஒன்றை வேலை வண்டிக்குள் இருந்தபடியே போலராய்டில் பிடித்தார். வான் பாதுகாப்புத் தலைமையகத்து ஆள் என்று ஒருவர் வந்து அசல்களை வாங்கிப் போனதாக அவர் சொன்னார். தலைமையகமோ யாரையும் அனுப்பவில்லை என்று கைவிரித்தது. அமெரிக்க விமானப் படையின் ‘புளூ புக்’ விசாரணை, படமே மோசடி என்று முத்திரை குத்தியது. 1969-ல் அந்தக் கடையைக் கட்டியபோது மொத்தக் கணக்கு 12,618; விடை கிடைக்காதவை 701. அந்த 701-ல் இடம்பிடிப்பதுதான் உங்கள் லட்சியம். ஆனால் படம் ரொம்ப மங்கினால் ‘தகவல் போதாது’ கட்டில் போட்டு ஓரங்கட்டிவிடுவார்கள். கை நடுக்கத்திலும் ஒரு அளவு வேண்டும்.

விசாரணைக்கு வருகிற அதிகாரியைக் குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். அவர் வீட்டம்மா காந்தி ரோட்டில் சேலை எடுத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்திருக்கும்; உங்களைக் குடைய அவருக்குப் பத்து நிமிஷம் மிஞ்சினால் அதிகம்.