சர்வர் ஐயா அவர்களின் திருச்சமுகத்துக்கு

பெருமதிப்புக்குரிய சர்வர் ஐயா அவர்களுக்கு, மேலூர் ஒருபோகப் பாசனத்துச் சம்சாரி ஒருவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். தாங்கள் எழுந்துவிட்டீர்களா?

போன செவ்வாய்க்கிழமை சேவை மையத்துக்கு வந்தபோது தாங்கள் படுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எழுப்புவது மரியாதையில்லை என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிவாக்கில் தாங்கள் கண்விழித்ததும் பெருவிரலைக் கண்ணாடியில் வைத்தேன். "பெருசு, ரேகையே இல்ல. நெத்தியில தேச்சுட்டு வைங்க" என்றான் மையத்துப் பையன். தேய்த்தேன். மூக்கில் தேய்க்கச் சொன்னான், அதையும் செய்தேன். தாங்கள் மனமிரங்கவில்லை. கடைசியில் செல்போனை மூஞ்சிக்கு நேரே நீட்டி, "கண்ணைச் சிமிட்டுங்க" என்றான். எழுபது வயதில், பின்னால் சம்பந்தி வீட்டம்மா நிற்க, நான் கண் சிமிட்டினேன். "பத்தலை, இன்னும் நல்லா" என்றான். வரிசையே சிரித்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஐயா மறுபடி படுத்தீர்கள்.

எல்லாம் பி.எம். கிசான் தவணைக்காக. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. அதற்கு இத்தனை சிமிட்டல்.

ஐயாவின் குடும்பத்துக்கும் மேலூருக்கும் பழைய உறவு உண்டு. 2001-இல் சென்னை ஐஐடி, ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்று பெரிய இடங்களெல்லாம் கூடி, 'சாரி' திட்டத்தை எங்கள் தாலுகாவில்தான் தொடங்கின. ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் மையம், கம்பியில்லாத் தொடர்பு. கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சான்றிதழ் மனுக்கள் மையத்திலிருந்தே தாலுகா ஆபீசுக்குப் போயின. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்த மனுச் சேவை நின்றது. அது ஏன் நின்றது என்று 2006-இல் ஆராய்ச்சிக் கட்டுரையும் வெளிவந்தது. ஆக, தங்கள் மூத்தவரும் படுத்தவர்தான். வம்சத்து வாகு.

தேக்கடியில் மலையைக் குடைந்து 1895-இல் திருப்பிவிட்ட தண்ணீர், முன்னேபின்னே ஆனாலும் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிடுகிறது. சென்னையிலிருந்து ஓ.டி.பி.தான் வந்து சேரவில்லை.

தங்கள் வாரிசுகளுக்குக் குறைவில்லை. 2018-இல் உழவன் செயலி வந்தது. 2025-இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று முகாம் போட்டார்கள். பட்டாவில் என் பாட்டன் பெயர், ஆதாரில் என் பெயர். நாங்கள் ஒரே குடும்பம் என்பதைத் தாங்கள் நம்பவில்லை. பாட்டனை நேரில் கூட்டிவர எனக்கும் வழியில்லை.

ரேகை எங்கே என்று கேட்கிறீர்களே, மம்பட்டிக் காம்பில் போச்சு. கதிரருவாளில் போச்சு. பூச்சிமருந்தில் போச்சு. கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள் என்று அறிவொளி இயக்கம் வந்து, வேலை முடித்துவரும் பொம்பளைகளை ராத்திரியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. என் வீட்டுக்காரி அப்படித்தான் பெயரெழுதப் படித்தாள். இன்றைக்கு அவள் "கையெழுத்துப் போடவா?" என்று கேட்டால் மையத்தில் சிரிக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்து மறுபடி கைநாட்டுதான் வேண்டுமாம்! நான் நான்தான் என்று இன்னும் எத்தனை பேரிடம் நிரூபிப்பது? உழுகிறவனைத் திருடனைப்போல் நிறுத்திவைத்து விரலைத் தேய்க்கச் சொல்கிறீர்கள். நீங்கள் யார் என்று உங்களை எவனாவது கேட்டிருக்கிறானா?

பொறுத்தருள வேண்டும், சூடாகிவிட்டேன். சூடு தங்கள் உடம்புக்கு ஆகாது, அதனால்தான் ஏசி அறையில் வைத்திருக்கிறார்கள் என்று பையன் சொன்னான். நெல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொள்முதலுக்குப் பதிவு போடும் நேரத்தில் தாங்கள் படுத்தால், அதுவும் கூடவே களத்தில் படுத்துக்கொள்கிறது. மழை பெய்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கமாட்டோம் என்கிறார்கள். தாங்கள் எத்தனை சதவீதம் படுக்கலாம் என்பதற்கு விதி ஏதும் உண்டா என்று பையனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் கொடுத்தனுப்பத் தயார், தங்கள் விலாசத்தைத்தான் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். ஒரேயொரு விண்ணப்பம். மீனாட்சியம்மன் கோயிலிலேயே மதியம் நடை சாத்துவது இத்தனை மணிக்கு என்று எல்லாருக்கும் தெரியும். ஐயா படுக்கும் நேரத்தையும் மையத்து வாசலில் ஒரு பலகையில் எழுதிப்போடச் சொன்னால், அதற்குத் தோதாக நடவையும் அறுப்பையும் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் துயில் கலையக் காத்திருக்கும் சம்சாரி,
மேலூர் தாலுகா, மதுரை மாவட்டம்.