பேஸ் வாங்காத பேஸ் அண்ணை

கொடிகாமம் சந்தைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. விலை மட்டும் கேட்க வருகிறவர்கள் மற்ற வகை. பேஸ் அண்ணை இரண்டாம் வகைக்குத் தலைமகன். ஆனால் அவர் விலை கேட்பது தேங்காய்க்கு அல்ல, பேஸ் கிற்றாருக்கு. இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் வாங்கவில்லை.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது. அது வாக்காளர் இடாப்பில் மட்டும் புழங்குகிறது. மிருசுவில் முதல் மீசாலை வரை எந்தப் பெடியன் பேஸ் வாங்க ஆசைப்பட்டாலும், அந்தச் செய்தி பெடியனின் தகப்பனுக்குப் போகமுன் அண்ணைக்குப் போய்விடும். சேர்ட் பொக்கற்றில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அலன் கீ இருக்கும். பக்கத்தில் ஆறு அங்குல உருக்கு அடிமட்டம். பேர்ஸுக்குள் ஒரு விசிற்றிங் காட். அது யாருடையது என்று அவருக்கே தெரியாது. அதன் தடிப்பு மட்டும் தெரியும்.

“அண்ணை, எந்த பேஸ் நல்லது?” என்று கேட்பவர் அன்றைக்கு வேறு வேலை வைத்திருக்கக் கூடாது. ஏனென்றால் விடை 1951 இல் தொடங்கும்.

“தம்பி, அமெரிக்காவில லியோ ஃபென்டர் எண்டொரு மனிசன். றேடியோ திருத்திற கடை வச்சிருந்தவர். அதுவரைக்கும் பேஸ் எண்டால் ஆளுயரத்துக்கு நிண்டுகொண்டு வாசிக்கிற பெரிய வயலின் சாமான். அதில கழுத்துக்குக் குறுக்கால போடுற பிரெட் இல்லை, விரல் கொஞ்சம் தவறினாலும் சுருதி போயிடும். இவர் அதைக் கழுத்தில கொழுவிற கிற்றாராக்கி, பிரெட்டும் போட்டு, ப்ரிசிஷன் எண்டு பேர் வச்சார். பிறகு 1960 இல ஜாஸ் பேஸ் வந்தது. அதுக்குக் கழுத்து ஒடுக்கம், சத்தம் பிடிக்கிற பிக்கப் ரண்டு…”

இந்த இடத்தில் பெடியன் மணிக்கூட்டைப் பார்ப்பான். அண்ணை பார்க்கமாட்டார்.

“அந்த ரண்டு பிக்கப்பையும் முழுச் சத்தத்தில வச்சால் இரைச்சல் ஒண்டையொண்டு வெட்டிப்போடும். ஒண்டைக் குறைச்சீரோ, ஙீ… எண்டு இரையும். எங்கட கரண்டுக்கு அது சரிவராது. ப்ரிசிஷன் இரையாது. ஆனால் கழுத்து தடிப்பு. உம்மட கை சின்னன்.”

“அப்ப எதை வாங்க, அண்ணை?”

“அதைத்தான் நானும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.”

அண்ணைக்கு மிகவும் பிடித்த சரித்திரச் செய்தி ஒன்று உண்டு. இத்தனை கிற்றாரைச் செய்த லியோ ஃபென்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. இதைச் சொல்லும்போது அண்ணையின் முகத்தில் ஒரு ஒளி வரும். வாசிக்கத் தெரியாதவர் செய்யலாமென்றால், வாங்காதவர் ஆலோசனை சொல்லக்கூடாதா என்பது அந்த ஒளியின் பொருள்.

இந்த வியாதிக்குக் காரணம் உண்டு. 1990 இல் போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது அவர் பள்ளிக்கூடப் பெடியன். பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்ட காலம் அது. தம்பி சுற்ற இவர் கேட்பார், இவர் சுற்றத் தம்பி கேட்பான். பேஸின் தடித்த கம்பியை வெறுமனே மீட்டினால் வினாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வு. உள்ளங்கை அளவு ஸ்பீக்கருக்கு அது எட்டாத ஆழம். ஆகவே இளையராஜாவின் பாட்டுகளை எங்கள் தலைமுறை ஒன்று அடித்தளம் இல்லாமலே மனப்பாடம் செய்தது. பிறகு ஒருநாள் கொழும்பில், சொந்தக்காரர் வீட்டுப் பெரிய செற்றில் அதே பாட்டைக் கேட்ட அண்ணை, “இதுக்குள்ள இன்னொருத்தன் நிக்கிறான்!” என்று கத்தினாராம். வீட்டுக்காரர் கள்ளன் என்று நினைத்துக் கதவைப் பூட்டினார்கள். அந்த இன்னொருத்தன் சசிதரன் என்பதும், ராஜாவின் எத்தனையோ பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர் அவர் என்பதும் அண்ணைக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் இறங்கவில்லை.

பைத்தியம் பிடித்தவர் உடனே ஒன்று வாங்கியிருக்க வேண்டாமோ? ஒருமுறை வாங்கத்தான் பார்த்தார். ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்குப் போன் எடுத்தார். மாமா கேட்டது ஒரு கேள்விதான்: “என்ன விலைக்குள்ள, மருமோன்?” அண்ணை பதிலாக மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். உடல் மரம், கழுத்து மரம், பிக்கப், பாரம், செய்த நாடு, அந்த நாட்டில் செய்த வருடம். மாமா வேலை முடிந்து வந்து அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்துக் கப்பல் பெட்டியில், உடுப்புகளுக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில், ஒரு கிற்றார் வந்தது. சாதாரண கிற்றார். அண்ணை போனில் அழாக்குறையாகக் கேட்க, மாமா பெருமையோடு சொன்னார்: “நீ நாலு கம்பிதானே கேட்டனி. நான் ஆறு கம்பியாப் பாத்து எடுத்தனான்.”

அதற்குப் பிறகு வெளிநாட்டு உறவை அண்ணை விலை ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறார். ரொறன்ரோவில் என்ன விலை, லண்டனில் என்ன விலை, சூரிச்சில் என்ன விலை என்று வாராவாரம் விசாரிப்பார். ஸ்குவயர் பேஸும் யமஹா பேஸும் பெரும்பாலும் இந்தோனேசியாவில் செய்யப்படுபவை. நமக்குப் பக்கத்துக் கடலில் இருந்து புறப்பட்டு, கனடாவுக்குப் போய், குளிரில் நின்று, ஒரு மாமாவின் சூட்கேஸில் ஏறித் திரும்பவும் கொடிகாமத்துக்கு வரும் அந்தக் கிற்றாரை நினைத்து அண்ணை பெருமூச்சு விடுவார். “எங்கட பெடியளை விட உது கனக்க ஊர் பாத்திட்டுது.”

2021 இல் வரணிப் பக்கத்துப் பெடியன் ஒருவன் காசோடு வந்து நின்றான். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் ஐபனெஸ் பேஸ் ஒன்று பார்த்து வைத்திருந்தான். “பொறும் தம்பி, விலை இறங்கும்” என்றார் அண்ணை. 2022 மார்ச் வந்தது. விலை இறங்கவில்லை, ரூபாய்தான் இறங்கியது. இருநூறு ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. பெடியனிடம் இருந்த காசுக்கு அப்போது கிற்றாரின் உறையும் ஒரு செற் கம்பியும் வந்தன. அவன் அண்ணையோடு சில மாதம் கதைக்கவில்லை. அண்ணை அதையும் பெரிதாக எடுக்கவில்லை. “சந்தை நிலவரம்” என்றார்.

அவரைக் கடைக்குக் கூட்டிப் போவது தனி அனுபவம். சுவரில் தொங்கும் பேஸைக் கழற்றி மடியில் வைத்து, கொடிகாமத்தில் பலாப்பழம் தட்டிப் பார்ப்பதுபோல விரல் மொழியால் அதன் முதுகில் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு பிரெட்டாக ஒவ்வொரு கம்பியிலும் அழுத்தி மீட்டுவார். நாலு கம்பி, கம்பிக்கு இருபது பிரெட்டாவது இருக்கும். கடைப் பெடியன் பிளேன்ரீ குடித்துவிட்டு வருவான், மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவான். கடைசியில் அண்ணை அதைக் கவனமாகத் திரும்பக் கொழுவி, “நல்ல சாமான், விக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு வெளியே வருவார்.

இதுவரை வாசித்தவர்கள் அண்ணையை வெறும் வாய்வீரர் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். வாங்கின பேஸ் ஒன்றை அவர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள். ஆள் மாறிவிடுவார்.

மேசையில் மடித்த சாரத்தை விரிப்பார். அதன்மேல் பேஸைக் கிடத்துவார். சுருதி கூட்டுவார். இடக்கையால் தடித்த கம்பியை முதலாவது பிரெட்டில் அழுத்துவார், வலது கையால் அதே கம்பியைக் கடைசிப் பிரெட்டில் அழுத்துவார். கம்பி இப்போது நேர்கோடு. எட்டாவது பிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியில் அந்த விசிற்றிங் காட்டை விடச்சொல்லி உங்களை ஏவுவார். கம்பியைத் தூக்காமல் காட் நுழைய வேண்டும், தளர்ந்தும் கிடக்கக் கூடாது. கிட்டத்தட்ட மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு. கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் தலையில் அலன் கீயைப் போட்டு வலப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் ஒரு மயிரிழையும் இல்லை.

“இனிப் பொறுங்கோ. மரம் யோசிக்கட்டும்.”

மரம் யோசிக்கும் நேரத்தில் பிளேன்ரீ வரும். மாரி தொடங்கினால் மரம் ஈரம் குடித்து ஒரு பக்கம் போகும், சோளகம் அடித்துக் காய்ந்தால் மற்றப் பக்கம் போகும் என்று விளக்குவார். வருடத்துக்கு இரண்டு தரம் கழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். பிறகு அடிமட்டத்தை எடுப்பார். பன்னிரண்டாவது பிரெட்டில் தடித்த கம்பி இரண்டரை மில்லிமீற்றர் உயரம், மெல்லிய கம்பி இரண்டு. அதைவிடத் தாழ்ந்தால் கரகரக்கும், உயர்ந்தால் விரல் நோகும். கடைசியாக அதே பன்னிரண்டாவது பிரெட்டின்மேல் கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு ஒரு மணிச்சத்தம், பிறகு அழுத்தி ஒரு சத்தம். போனில் உள்ள ரியூனர் இரண்டையும் ஒன்றென்று காட்ட வேண்டும். அழுத்தின சத்தம் கூடிப்போனால் கீழே கம்பி இருக்கும் கட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார், குறைந்தால் முன்னுக்கு.

எல்லாம் முடிந்ததும் மடியில் வைத்து ஐந்து நிமிடம் வாசிப்பார். ராஜாவின் பாட்டு ஒன்றின் அடி மட்டும். பாட்டில்லை, தாளமில்லை, அந்த அடி மட்டும். அவ்வளவு நேரமும் விறகுக் கொட்டில் போலச் சத்தம் போட்ட கிற்றார் அதுதானா என்று கொண்டுவந்தவன் திகைப்பான். பிறகு துணியால் துடைத்துக் கையில் கொடுத்துவிடுவார். காசு வாங்கமாட்டார். “நானென்ன கடையோ வச்சிருக்கிறன்?”

கோயில் திருவிழாக்களில் அண்ணை மேடைக்குப் பக்கத்தில், சவுண்ட் சேர்விஸ்காரரின் பெட்டியடியில் நிற்பார். ஒருமுறை அவர் கழுத்துப் பார்த்துக் கொடுத்த, உள்ளே பற்றரி போடும் பேஸ் ஒன்று மேடையேறியது. வயர் குத்தியே கிடந்தால் அந்தப் பற்றரி சும்மாவே தேயும். ஒத்திகை முடிந்து இரண்டு நாளும் வயரை யாரும் கழற்றவில்லை. இரண்டாவது பாட்டில் பேஸ் கரகரத்து, மூன்றாவதில் அடங்கிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு 9 வோல்ற் பற்றரிக்கு எங்கே போவது? அண்ணை சவுண்ட்காரரின் மல்ரிமீற்றரைப் பறித்து, முதுகைக் கழற்றி, அதற்குள் இருந்த பற்றரியை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார். அடுத்த பாட்டில் தரை அதிர்ந்தது.

முன்வரிசையில் இருந்த திருவிழா உபயகாரர் ஆடாமல் அசையாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்து காசு கொடுக்கும்போது கேட்டார்: “ரண்டு பேர் கிற்றார் வச்சிருந்தவை. ஒருத்தர் மூண்டாம் பாட்டில நிப்பாட்டிப்போட்டு நிண்டவர், பாட்டு ஓடினதுதானே. வாற வருசம் ஒராள் காணாதோ?” அண்ணை அன்றிரவு சாப்பிடவில்லை என்று வீட்டுக்கார அக்கா சொன்னார்.

அந்த அக்காவிடம் ஒருமுறை யாரோ கேட்டார்களாம், இப்படி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதர் கலியாணம் எப்படிச் செய்தார் என்று. “பொம்பிளை பாத்தது மாமி. இவரைப் பாக்க விட்டிருந்தால் நான் இப்பவும் அம்மா வீட்டில இருந்திருப்பன்.”

போன மாதம் ஒரு சின்னப் பெடியன் எங்கோ படித்துவிட்டு வந்து அண்ணையை மடக்கப் பார்த்தான். அமெரிக்காவில் மோட்டவுன் கம்பனிப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடம் இருந்தது ஒரு 1962 ப்ரிசிஷன். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். கம்பியும் பிரெட்டுக்கு மேலே உயரத்தில் நிற்கும். வாசித்தது பெரும்பாலும் ஒற்றை விரலால். “அப்ப உந்த அடிமட்டமும் காட்டும் என்னத்துக்கு அண்ணை?”

அண்ணை அலன் கீயைக் கீழே வைத்தார். “தம்பி, அவற்ற ஒரு விரலும் உம்மட பத்து விரலும் ஒண்டோ?” பெடியனின் பேஸைத் திருப்பி வைத்துக் கழுத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆகவே பேஸ் வாங்க நினைக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. கம்பி நீளம் 34 அங்குலம், கை சின்னதென்றால் 30. கழுத்து முறுகாமல் இருக்க வேண்டும். எந்தப் பிரெட்டிலும் சத்தம் செத்துப்போகக் கூடாது. இந்த மூன்றும் சரியென்றால் காசைக் கொடுத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். பெயரும் நாடும் நிறமும் பிறகு. வாங்கின கையோடு நேரே பேஸ் அண்ணையிடம் கொண்டுபோங்கள். தென்மராட்சியில் அவரைப்போல் அதை வாசிக்க வைக்கிறவர் இல்லை. வாங்குவதற்கு முதல் மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.