தக்கையும் மீன்கொத்தியும்

கேள்வி: இங்கிலாந்தில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டு, பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்களாமே! பிறகு எதற்காகப் போகிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: குழம்புக்காக இல்லை என்பது நிச்சயம்! சால்மன், டிரவுட் தவிர்த்த நன்னீர் மீன்களை, அதாவது கார்ப், ரோச், பிரீம், டென்ச் போன்றவற்றைப் பிடிப்பது அங்கே தனிக்கலை. தக்கையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்தால், சில சமயம் மீன்கொத்தி தூண்டில் கழியிலேயே வந்து அமரும். நீல முதுகு, ஆரஞ்சு வயிறு, நீண்ட கூர் அலகு, எல்லாம் கையெட்டும் தூரத்தில்! நம் குளத்தங்கரையில் பார்க்கும் சிறு நீல மீன்கொத்தியும் அதே இனம்தான். அதற்குத் தூண்டிலும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய மனிதருக்கு இரண்டும் வேண்டும்.

இதே பொழுதுபோக்கு அன்னங்களைக் கொன்றதும் உண்டு. இரையை அரைப்பதற்காக அன்னம் ஆற்றடிப் பொடிக்கற்களை விழுங்கும். தூண்டில்காரர்கள் சிந்திய ஈயக்குண்டுகளும் கூடவே உள்ளே போய், அரைபட்டு, ரத்தத்தில் கலந்தன. தசை வலுவிழந்து, அந்த நீண்ட கழுத்து நிமிர முடியாமல் முதுகில் சாய்ந்துவிடும். 1987-ல் பெரும்பாலான ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது. தேம்ஸ் அன்னங்கள் மீண்டும் பெருகின. சட்டம் பறவையைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஈயம் போனது, நைலான் நரம்பு இன்னும் போகவில்லை. பறவைகளின் காலைச் சுற்றி இறுக்குவது அதுதான். நீங்கள் காவிரியில் தூண்டில் போடுபவராக இருந்தால், அறுந்த நரம்பைக் கரையில் வீசாமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புங்கள்.